"விசாரணை நடக்கிறது": காவல்துறைப் பணம் எங்கே தேங்குகிறது, நாடாளுமன்றம் எதைக் கேட்க வேண்டும்

டர்பன் பெரீயாவில் ஒரு கட்டடம், பிரிட்டோரியா நார்த்தில் ஒரு சிறு சொகுசு ஹோட்டல். தென்னாப்பிரிக்கக் காவல் சேவையின் குற்ற உளவுப் பிரிவு இவ்விரண்டையும் வாங்கிய விவகாரம் 2025இல் பெரிதாக வெடித்தது. ஒவ்வொன்றின் விலையும் 22 மில்லியன் ராண்டுக்கு மேல். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 45 மில்லியன், அதாவது நாலரைக் கோடி. ஒப்புதல் கையெழுத்து யாருடையது, விலையை மதிப்பிட்டவர் யார், அரசுக் கட்டடங்களுக்கென்றே பொதுப்பணித் துறை இருக்கும்போது உளவுப் பிரிவு ஏன் தானே சொத்து வாங்கியது? இந்த மூன்றுக்கும் பதில் கோப்புகளில் இருக்கிறது. மக்கள் காதில் விழுவது மட்டும் "விசாரணை நடக்கிறது" என்ற ஒரே வரி.

வீட்டில் திருட்டுப் போய், சாட்ஸ்வர்த் அல்லது ஃபீனிக்ஸ் நிலையத்தில் வழக்கு எண் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு அந்த வரி நன்றாகவே பழக்கம். பல மாதம் கழித்துப் போய்க் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். வேதனை என்னவென்றால், கேப்டவுனில் நாட்டின் மிக உயர்ந்த மன்றமான நாடாளுமன்றத்துக்கும் அதே வரிதான் போகிறது, பல சமயம் அந்த மன்றமும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது.

காவல்துறையின் பண முறைகேடுகள் மீதான விசாரணைகள் இழுத்தடிப்பதற்கு அதிகாரிகளின் மந்தம் மட்டுமே காரணம் இல்லை. கோப்பு எந்தெந்த இடத்தில் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு கேட்டால் நாடாளுமன்றக் குழுவின் கேள்வி குறி தவறாது.

அதிகாரத்துக்குக் குறைவில்லை. அரசமைப்பின் 55ஆம் பிரிவு நிர்வாகத்தைக் கண்காணிக்கும் கடமையை நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையின் மேல் வைக்கிறது. எவரையும் வரவழைத்துச் சத்தியத்தின் பேரில் கேட்கவும், ஆவணம் கொண்டுவரச் சொல்லவும் 56ஆம் பிரிவு வழிசெய்கிறது. பாதுகாப்புத் துறைகள் எல்லாவற்றையும் பல கட்சிக் குழுக்கள் கண்காணிக்க வேண்டும் என்று 199ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவு தனியாகவே சொல்கிறது. அழைப்பாணை அனுப்பியும் வராதவருக்கு அபராதமோ சிறையோ உண்டு என்கிறது 2004ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம், அதாவது நாடாளுமன்ற அதிகாரங்கள், உரிமைகள் பற்றிய சட்டம். குழுக்கள் இந்த அழைப்பாணையை எடுப்பது மிக அரிது. "தயவுசெய்து வாருங்கள்" என்ற கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வர முடியவில்லை என்று பதில் வந்தால் தேதியை மாற்றுகிறார்கள்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டமன்றம் மாகாணக் காவல் ஆணையரை வரச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். 206ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் பணத்துக்குக் கணக்குப் பொறுப்பு அதிகாரி பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய ஆணையர். வெருலம் நிலையத்தில் ஓடாத வண்டியைப் பற்றி மாகாணத்தில் கேட்கலாம். அந்த வண்டியின் டெண்டரைப் பற்றி கேப்டவுனில்தான் கேட்க வேண்டும்.

அங்கே காவல் பணத்தைப் பார்க்கும் குழுக்கள் மூன்று. காவல்துறைக்கான துறைசார் குழு, கொள்கையையும் ஆண்டு வரவுசெலவையும் பார்க்கிறது. ஸ்கோபா என்று எல்லோரும் சொல்லும் பொதுக் கணக்குக் குழு, செலவழித்து முடிந்த பணத்தைப் பார்க்கிறது. மூன்றாவது உளவுத்துறைக்கான கூட்டு நிலைக்குழு. மூடிய கதவுக்குள் கூடுகிறது, உறுப்பினர்களுக்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும். பெரீயா கட்டடம் போன்ற ஒன்று இந்த மூன்றின் எல்லையிலும் விழும். அதனால்தான் அது யார் கையிலும் நிற்காமல் நழுவுகிறது. துறைசார் குழு கேட்டால் "இது ரகசியம், அந்தக் குழுவில் சொல்கிறோம்" என்கிறார்கள். அந்தக் குழுவில் சொன்னார்களா, என்ன சொன்னார்கள் என்று வெளியில் எவருக்கும் தெரியாது.

ஆண்டுச் சக்கரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பொது நிதி நிர்வாகச் சட்டப்படி மே 31க்குள் கணக்கறிக்கை தலைமைத் தணிக்கையரிடம் போக வேண்டும். அவர் ஜூலை 31க்குள் தணிக்கையை முடிக்கிறார். செப்டம்பர் முடிவதற்குள் ஆண்டறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. அக்டோபரில் துறைசார் குழு தன் மீளாய்வு அறிக்கையை எழுதுகிறது. அடுத்த ஆண்டுப் பணத்துக்கு என்ன நிபந்தனை வைக்கலாம் என்று சொல்ல அதுதான் நேரம். ஏப்ரலில் நடந்த முறைகேடு எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் குழுவின் மேசைக்கு வருகிறது. அதற்குள் கையெழுத்துப் போட்டவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். தாமதத்தின் முதல் பங்கு நாட்காட்டியிலேயே இருக்கிறது.

இந்த இடைவெளியைச் சுருக்க ஒரு கருவி 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணிசமான முறைகேடு ஒன்றைத் தணிக்கையில் கண்டால் தலைமைத் தணிக்கையர் கணக்குப் பொறுப்பு அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்புவார். பதில் சொல்ல 20 வேலை நாள். பதில் போதவில்லை என்றால் தணிக்கை அறிக்கையிலேயே பரிந்துரை எழுதிக் கெடு வைப்பார், அல்லது விசாரணை அமைப்புக்கு அனுப்புவார். அதையும் செய்யாவிட்டால் கட்டாயத் திருத்த நடவடிக்கை. கடைசிப் படி, இழந்த பணத்துக்கு அந்த அதிகாரியே பொறுப்பு என்ற கடன் சான்றிதழ். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. ஆகவே குழு உறுப்பினர் கேட்க வேண்டியது "அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது? இருபதாவது வேலை நாள் எது? அன்று நீங்கள் அனுப்பிய பதிலின் நகலைக் கொடுங்கள்" என்பதுதான். இந்த மூன்று கேள்விக்கும் "விசாரணை நடக்கிறது" என்று பதில் சொல்ல முடியாது.

கணக்கில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம் வெளியே பலருக்குத் தெரியாது. 2023 ஜனவரி 3 முதல் கருவூலத்தின் புதிய விதிப்படி, நிதியறிக்கைக் குறிப்பில் முறைமீறிய செலவுக்கும் வீண் செலவுக்கும் நடப்பு ஆண்டுத் தொகையும் முந்தைய ஆண்டுத் தொகையும் மட்டுமே வருகின்றன. பல ஆண்டுகளாகத் தீராமல் சேர்ந்து நிற்கும் பழைய பாக்கி ஆண்டறிக்கையின் வேறு பகுதிக்குப் போய்விட்டது. தணிக்கையின் உறுதிமொழி அந்தப் பகுதிக்கு அதே அளவில் கிடையாது. ஆகவே நிதியறிக்கையை மட்டும் புரட்டுகிறவருக்குத் தொகை சட்டென்று குறைந்துவிட்டதுபோல் தோன்றும். பணம் திரும்பி வரவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது. காவல் சேவை போன்று பழைய பாக்கி உள்ள துறைகளில் அக்டோபர் கூட்டத்துக்கு முன் இந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உறுப்பினரின் உதவியாளர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை.

இனி ரகசியக் கணக்கு. காவல் சேவையின் ஆண்டுப் பணம் 100 பில்லியன் ராண்டைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. அதில் நான்காவது திட்டம் குற்ற உளவு, ஆண்டுக்கு 4 பில்லியனுக்கு மேல். பெரும்பகுதி சம்பளம். ஒரு பகுதி 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ரகசியச் சேவைக் கணக்கு வழியாகப் போகிறது: தகவல் தருபவர்களுக்குப் பணம், மறைவிடங்கள், வண்டிகள், கருவிகள். தலைமைத் தணிக்கையர் இதையும் தணிக்கை செய்கிறார். ஆனால் பொதுத் தணிக்கைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி விவரங்களை அறிக்கையில் விட்டுவிடலாம். தகவல் தரும் ஒருவரின் பெயர் வெளியே வந்தால் அவர் உயிர் போகும்; அந்த மறைப்பு நியாயம்தான். கட்டடத்தின் விலைச் சீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஆனால் முத்திரை ஒன்றுதான். தகவலாளியின் பெயருக்கும் டெண்டர் ஒப்பீட்டுத் தாளுக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிடலாம்.

இந்த முத்திரை எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் மாநாடு ஜோஹன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக்கில் நடக்கவிருந்தது. அதற்குச் சற்று முன் கைப்பேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கும் 'கிராப்பர்' கருவி ஒன்றை 45 மில்லியன் ராண்டுக்கு வாங்கக் குற்ற உளவுப் பிரிவு முனைந்தது. சந்தை விலை அதில் ஒரு சிறு பங்குதான் என்பது காவல்துறையை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான ஐபிட்டின் நிலை. ஐபிட் தலையிட்டு ஆவணங்களைக் கேட்டது. ரகசிய முத்திரையை நீக்கித் தர ஆணையர் தரப்பு மறுத்தது. ஐபிட் நீதிமன்றம் போனது. ஆவணங்களை ஒப்படைக்கச் சொல்லி பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 ஜனவரியில். அந்த மூன்று ஆண்டும் காகிதத்தை வாங்கவே போனது. அப்போதைய தேசிய ஆணையர் கெஹ்லா சிடோலே உள்ளிட்ட உயரதிகாரிகள் தங்கள் கடமையை மீறினார்கள் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அவர் பதவியை விட்டது 2022 மார்ச் 31இல். தீர்ப்புக்கும் விலகலுக்கும் நடுவே இன்னொரு பதினான்கு மாதம்.

காகிதம் திறந்திருந்தால் வேகம் எப்படி இருக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம், அதுவும் நம் ஊர் தொடர்பில். பிரிட்டோரியாவில் காவல் தலைமையகத்துக்காக 500 மில்லியன் ராண்ட் வாடகை ஒப்பந்தம், டர்பனில் அதைவிடப் பெரிய இன்னொன்று. அரசு நிர்வாக முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் துலி மடொன்செலா 2011 பிப்ரவரியில் முதல் அறிக்கையும் ஜூலையில் டர்பன் அறிக்கையும் வெளியிட்டார். அக்டோபரில் ஆணையர் பெக்கி செலே இடைநீக்கம். 2012 ஜூனில் பதவி நீக்கம். முதல் அறிக்கையிலிருந்து எண்ணினால் பதினாறு மாதம். வாடகை ஒப்பந்தத்தில் ரகசியம் எதுவும் இல்லை. பொதுப்பணித் துறையின் கோப்பில் எல்லாம் இருந்தது. அதே 2011இல்தான் குற்ற உளவுப் பிரிவின் தலைவர் ரிச்சர்ட் ம்ட்லுலி மேல் ரகசியக் கணக்கு முறைகேட்டுக் குற்றச்சாட்டு வந்தது. அது விலக்கிக்கொள்ளப்பட்டது, 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் மறுபடி உயிர் பெற்றது, அதன்பின் பத்தாண்டு கடந்தும் தீர்ப்பை எட்டவில்லை. ஆவணங்களின் ரகசிய முத்திரையும் வழக்குச் செலவை யார் கட்டுவது என்ற சண்டையும் ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பாக இழுத்தன. இரண்டும் ஒரே காவல் சேவை, ஒரே ஆண்டு. கால வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் அந்த முத்திரைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்த முத்திரையின் விஷயத்தில் நாடாளுமன்றம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விசாரணை அமைப்பு எந்தத் தேதியில் முத்திரை நீக்கம் கேட்டது, யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது என்ற மூன்று பத்திக் கால அட்டவணையில் ரகசியம் எதுவும் இல்லை. ஆவணத்துக்குள் இருப்பதைக் கேட்காமல், அது எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்கலாம். ஒவ்வொரு காலாண்டும் இந்த அட்டவணையைத் திறந்த கூட்டத்தில் வைக்கச் சொன்னால் மறுக்க யாருக்கும் சட்டக் காரணம் கிடைக்காது.

ஐபிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-25இல் அதன் ஆண்டுப் பணம் 400 மில்லியன் ராண்டைத் தொடவில்லை. அது விசாரிக்க வேண்டிய காவல் சேவையின் பணத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. 2011ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டப்படி காவலில் நடக்கும் சாவு, காவலர் சூட்டில் சாவு, வன்புணர்வு, சித்திரவதை எல்லாம் அதன் கட்டாய வேலை. ஊழல் அந்தப் பட்டியலில் பின்னால் வருகிறது. விசாரணையாளர் குறைவான மாகாண அலுவலகத்தில், நேற்றிரவு காவலில் ஒருவர் இறந்திருந்தால், வங்கிக் கணக்கு ஆராய வேண்டிய கோப்பு மேசையிலேயே இருக்கும். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணத்தை ஒதுக்குவது நாடாளுமன்றம்தான். கணக்காய்வு நிபுணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு கேட்டு அக்டோபர் அறிக்கையில் எழுத எந்தத் தடையும் இல்லை.

தலைமை மாறினாலும் கோப்பு தேங்கும். ஐபிட்டின் தலைவர் ராபர்ட் மக்பிரைட் 2015இல் அமைச்சரால் இடைநீக்கம் செய்யப்பட்டார். அமைச்சருக்கு அப்படி ஒருதலையாகச் செய்ய அதிகாரம் இல்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்னது. 2019 பிப்ரவரியில் அவர் பதவிக்காலத்தை நீட்டிப்பதா என்ற முடிவு துறைசார் குழுவின் கைக்கே வந்தது; குழு நீட்டிக்க மறுத்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் தற்காலிகத் தலைமை. தற்காலிகத் தலைவர் பெரிய கோப்பில் துணிந்து கையெழுத்துப் போடுவது கடினம். இந்த ஓராண்டுத் தேக்கத்தில் நாடாளுமன்றத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

இழுத்தடிப்புக்கு அடுத்த பாதை, ஒரே விவகாரம் பல கைகளில் இருப்பது. ஐபிட், காவல் சேவையின் பெருங்குற்ற விசாரணைப் பிரிவான ஹாக்ஸ், தேசிய வழக்குத்தொடுப்பு ஆணையத்தின் ஊழல் எதிர்ப்பு விசாரணை இயக்ககம், உளவுத்துறைத் தலைமை ஆய்வாளர், காவல் சேவையின் உள் ஒழுங்குப் பிரிவு. ஒருவரைக் கேட்டால் "மற்றவர் விசாரிக்கிறார், நாங்கள் காத்திருக்கிறோம்" என்பார். மற்றவரும் அதையே சொல்வார். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இதற்கு மருந்து. தனித்தனி நாளில் அழைத்தால் மூன்று மாதம் போகும், விடை வராது. ஒழுங்கு நடவடிக்கைக்குக் குற்ற வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற நினைப்பும் தவறு. ஐபிட் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி அதன் ஒழுங்குப் பரிந்துரை கிடைத்த 30 நாளுக்குள் ஆணையர் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும்.

"வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, பேசக் கூடாது" என்பது குழு அறையில் அடிக்கடி எழும் இன்னொரு சுவர். பேரவை விதி தடுப்பது, தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்கின் தகுதியைப் பற்றிப் பேசுவதைத்தான். டெண்டர் விதி மாறியதா, அந்த நிறுவனத்துக்கு இன்னும் பணம் போகிறதா, இடைநீக்கத்தில் வீட்டில் இருக்கும் அதிகாரிக்கு இதுவரை எவ்வளவு சம்பளம் என்பவை வழக்கின் தகுதி இல்லை. குழுத் தலைவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் கூட்டம் அரை மணி நேரத்தில் கலைய வேண்டியதில்லை.

கேள்வி கூர்மையாக இருந்தும் பின்தொடரல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 இறுதியில் ஸ்கோபா, காவல் சேவைக்கும் அரசின் தகவல் தொழில்நுட்ப முகமைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தங்களை அக்கக்காகப் பிரித்துக் கேட்டது. ஒப்பந்தத்தில் முறைமீறல் என்று பணம் நிறுத்தப்பட்டது. 2018 ஏப்ரலில் அந்த நிறுவனம் தன் மென்பொருள்களை அணைத்துவிட்டது. அவற்றுள் ஒன்று சான்றுப் பொருட்களைப் பதிவு செய்வது, மற்றொன்று துப்பாக்கி அனுமதிகளுக்கானது. அதன் விளைவை நிலைய அளவில் பாருங்கள். கைப்பற்றிய கத்தி, ரத்த மாதிரி, துப்பாக்கி ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி அந்தப் பதிவில்தான் நிற்கிறது. அது இருண்டால், நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தச் சங்கிலியைக் கேள்வி கேட்பார். பின்னர் மென்பொருள் மீண்டும் இயங்கியது. ஆனால் பாடம் தெளிவு: பணத்தை நிறுத்தும் முன்பே, மூல நிரல் யாருக்குச் சொந்தம், மாற்று ஏற்பாடு எந்தத் தேதிக்குள் என்று குழு கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் எல்லாம் கலைகிறது. 2024 மே 29இல் வாக்களிப்பு, ஜூலையில் புதிய குழுக்கள். பழைய குழு 'மரபு அறிக்கை' ஒன்றை விட்டுப் போகும். பாதி விசாரணைகள் அதில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். புதிய உறுப்பினர்களுக்குப் பழைய கோப்பு தெரியாது, அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். உளவுக் கூட்டுக்குழு இன்னும் பல மாதம் தாமதமாக அமைந்தது. குழுக்கள் கேட்டதையும் நிர்வாகம் செய்ததையும் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு முறையை நாடாளுமன்றம் ஏற்படுத்த வேண்டும் என்று, அரசையே ஊழல் கைப்பற்றியதை விசாரித்த சோண்டோ ஆணையம் 2022இல் பரிந்துரைத்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

2025 ஜூலை 6இல் டர்பனில் மாகாண ஆணையர் ந்லான்லா ம்க்வனாசி, காவல்துறையில் அரசியல் தலையீடும் குற்றக் கும்பல் தொடர்பும் இருப்பதாகக் குற்றம் சாட்டி நடத்திய செய்தியாளர் சந்திப்புக்குப் பின் நாடாளுமன்றம் தற்காலிகச் சிறப்புக் குழு ஒன்றை அமைத்தது. 360 மில்லியன் ராண்ட் மதிப்புள்ள காவலர் நல மருத்துவ டெண்டரும் அதில் பேசுபொருள். முதலில் வைத்த கெடு 2025 அக்டோபர் 31. விசாரணையே அக்டோபரில்தான் தொடங்கியது, கெடு நீட்டப்பட்டது. ஆனாலும் நாள் முழுக்க நேரலையில் சாட்சிகளைச் சத்தியத்தின் பேரில் கேட்டதால், ஆண்டுக்கணக்காகக் கோப்புக்குள் கிடந்த பெயர்களும் தொகைகளும் பதிவில் ஏறின. வழக்கமான குழுக்களுக்கும் இதே அதிகாரம் எப்போதும் இருந்தது.

வெளியிலிருந்து இதைத் தொடர விரும்புகிறவருக்குச் சில வழிகள். உறுப்பினர் எழுத்தில் கேட்கும் கேள்விக்கு அமைச்சர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். தொகுதி அலுவலகத்தில் போய் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். "பெரீயா விவகாரம் என்ன ஆயிற்று" என்று எழுதினால் பயனில்லை. ஒப்புதல் தேதி, மதிப்பீட்டு அறிக்கையின் தேதி, விசாரணை அமைப்புக்கு ஆவணம் ஒப்படைத்த தேதி, ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிய தேதி என்று நான்கு தேதிகளை மட்டும் கேளுங்கள். இல்லாத தேதிக்கு நேரே "இல்லை" என்று எழுதித்தான் ஆக வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாள் கெடு. பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால், 46ஆம் பிரிவின் பொதுநலன் காரணத்தைக் காட்டி முறையிடலாம். குழுக் கூட்டங்களின் பதிவுகளை நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு (பிஎம்ஜி) என்ற தன்னார்வ அமைப்பு 1995 முதல் தொகுத்து வருகிறது. பழைய கூட்டத்தில் அதிகாரி "அடுத்த காலாண்டில் தருகிறோம்" என்று சொன்ன வரியை அங்கே எடுத்து, தேதியோடு கேள்வியில் ஒட்டுங்கள். அக்டோபர் மீளாய்வுக்கு அது போய்ச் சேர வேண்டுமானால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் உறுப்பினர் கையில் கொடுத்துவிட வேண்டும்.